"ஆர்15 எடுக்கலாமோ அண்ணை?"

கோண்டாவிலில் கராஜ் போட்டு இருபது வருடம் தாண்டிவிட்டது. கிழமைக்கு ஒரு பெடியனாவது வந்து போனில் ஒரு மோட்டார் சைக்கிள் படத்தைக் காட்டி "அண்ணை, இதை எடுக்கலாமோ?" என்று கேட்பான். பெரும்பாலும் யமஹாவின் ரேஸ் பைக் மாதிரியான ஆர்15, இல்லையென்றால் டியூக் 200, எப்போதாவது பழைய சிபிஆர் 250. முடிவு எடுத்துவிட்டுத்தான் கேட்கிறான் என்பது முகத்திலேயே தெரியும், என்னிடம் வருவது ஓம் என்ற ஒரு சொல்லுக்காக. நான் லேசில் ஓம் சொல்வதில்லை. அதனால் சிலர் இப்போது கேட்பதையே விட்டுவிட்டார்கள், எடுத்த பிறகுதான் வருகிறார்கள்.

கொஞ்ச நாளைக்கு முன் ஒரு தம்பி லீசிங் கணக்கு எழுதின துண்டோடு வந்தான். ஓடின ஆர்15 ஒன்று, 12 லட்சம் சொல்கிறார்களாம். கையில் 5 லட்சம், அதில் பாதி சுவிஸில் இருக்கிற அண்ணன் அனுப்பியது, மீதி அம்மாவின் காப்பு இரண்டும் அடைவுக்குப் போனதில் வந்தது. மிச்சம் 7 லட்சத்துக்கு மாதம் 27,000 படி 36 மாதம். சம்பளம் 65,000. "வடிவாய்க் கட்டலாம் அண்ணை" என்றான். 27,000ஐ 36ஆல் பெருக்கிப் போனிலேயே காட்டினேன்: 9 லட்சத்து 72 ஆயிரம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எல்லாரும் அப்பிடித்தானே எடுக்கினம்" என்றான். ஓம், எடுக்கினம்தான். எடுத்து எட்டு மாதத்தில் செயின் ஸ்ப்ரொக்கெற் மாற்றக் காசில்லாமல் என்னிடம் கடன் சொல்கிறவர்களும் அவர்கள்தான்.

வாங்குகிற விலையை எப்படியோ புரட்டிவிடுகிறார்கள். அதை ஓட வைக்கிற செலவைத்தான் யாரும் துண்டில் எழுதுவதில்லை. லீசிங் என்றால் புல் இன்ஷூரன்ஸ் போடாமல் விடமாட்டார்கள், பைக்கின் பெறுமதி ஏற ஏற அந்தக் காசும் ஏறும். டயர் அகலம், ஆர்15இன் மூன்றாம் வேர்ஷனின் பின்சில்லுக்கு 140 மில்லிமீற்றர் ரேடியல் வேண்டும், பல்சர் 150க்குப் போடுகிற டயரின் விலையில் அது வராது. பிறகு அந்தப் பெயரிங், பைக்கின் பக்கங்களை மூடி நிற்கிற பிளாஸ்டிக் கவர்கள். பல்சர் விழுந்தால் ஹாண்டில் வளையும், ஃபுட்ரெஸ்ட் வளையும், பின்னேரத்துக்குள் நிமிர்த்திக் கொடுத்துவிடுவேன். பெயரிங் வைத்த பைக் ஓடி விழத் தேவையில்லை, வீட்டு வாசல் மணலில் ஸ்டாண்ட் புதைந்து நின்ற இடத்தில் சாய்ந்தாலே போதும், கவர் வெடித்துவிடும். ஒட்டினால் ஒட்டினது தெரியும், புதிது என்றால் கொழும்பில் இருந்து வரவேண்டும், நிறம் பொருந்தி வருமா என்பது வேறு கதை.

எல்லாவற்றையும் விட எனக்கு வயிற்றெரிச்சல் தருவது கூலன்ற் விஷயம். காற்றில் ஆறுகிற எஞ்சின்களிலேயே பழகின ஊர் இது. ஆர்15 அப்படி இல்லை, அதற்கு ரேடியேட்டர் இருக்கிறது, அதற்குள்ளால் ஓடுகிற கூலன்ற் என்ற திரவம்தான் எஞ்சினை ஆற்றும். ஒரு பெடியன் கூலன்ற் குறைந்திருப்பதைப் பார்த்திருக்கிறான், போத்தல் வாங்கக் காசில்லாத மாதக் கடைசி, கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவிட்டான். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வருவது, வீட்டுக் கேத்திலுக்குள் வெள்ளையாய்ப் படிகிறதே, அதேதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். நாலைந்து மாதம் ஓடினான். மீற்றரில் சூட்டு லைற் எரிந்தும், கச்சேரியடியில் நிற்பாட்டப் பிடிக்காமல் வீடு மட்டும் ஓடி வந்திருக்கிறான். நான் ஒயில் நட்டைக் கழற்றினபோது வந்தது ஒயில் அல்ல, பால் தேத்தண்ணி. அதே நிறம், அதே நுரை. ஹெட் கேஸ்கெற் போய்க் கூலன்றும் ஒயிலும் கலந்துவிட்டால் அப்படித்தான் வரும். ரேடியேட்டர், கேஸ்கெற், வாட்டர் பம்ப் சீல் என்று அவனுடைய ஒன்றரை மாதச் சம்பளம் போனது. பைக் ஐந்து கிழமை என்னிடம் கிடந்தது, லீசிங்காரருக்கு அந்த ஐந்து கிழமையும் கணக்குத்தான்.

இவ்வளவு செலவழித்து இந்த ஊரில் எங்கே ஓடப் போகிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். மூன்றாம் வேர்ஷனில் இருந்து ஆர்15இல் விவிஏ என்று ஒன்று உண்டு, 7,400 ஆர்பிஎம்முக்கு மேலே போனால்தான் அது வால்வைத் திறக்கிற இரண்டாவது கேமுக்கு மாறும், அந்த எஞ்சினின் விசேஷமே அதுதான். திருநெல்வேலிச் சந்தையடியிலும் நம் ஒழுங்கைகளிலும் அந்த இடத்துக்கு முள் போகச் சந்தர்ப்பமே இல்லை. மூலைக்கு மூலை மதில், மதிலுக்குப் பின்னால் ஆடு, ஆட்டுக்குப் பின்னால் சைக்கிளில் ஒரு ஐயா. (95 ஒக்ரேன் பெற்றோல் அடித்தால் இன்னும் பறக்கும் என்று நம்புகிறவர்களுக்கு: ஆர்15க்கு 92 போதும், மிச்சக் காசுக்குக் கூலன்ற் வாங்குங்கள்.) 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீடு வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான் தந்தார்கள். அப்போது வீட்டின் மூத்த பிள்ளையாய் நடமாடியது கொஞ்சப் பெற்றோலில் ஓடுகிற அப்பாவின் பழைய சிடி100 பைக்.

பின்சீற்றையும் பாருங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாள், அம்மாவைக் கூட்டிப் போகாமல் இருக்க முடியுமோ? சீலையோடு ஒரு பக்கம் பார்த்து இருக்கிற அம்மாவுக்கு அந்த உயரமான சின்னச் சீற் ஒரு தண்டனை. ஒரு அம்மா என் முன்னாலேயே மகனிடம் சொன்னார், "நீ போ ராசா, நான் ஓட்டோவில வாறன்" என்று. அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர் எல்லாம் அப்பாவின் சைக்கிளில்தான்.

"வாங்கிப் போட்டால் விலை ஏறும் அண்ணை, நட்டமில்லை" என்பார்கள். அந்தக் கதை எங்கே இருந்து வந்தது என்று தெரியுமோ? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை மூடினார்கள், 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். ஏறக்குறைய ஐந்து வருடம் புதிது வராததால் பழையதெல்லாம் ஏறியது, ஓடித் தேய்ந்த பைக்கை வாங்கின விலைக்கு மேலே விற்றவர்களை நானே பார்த்தேன். அது பைக்கின் பெருமை இல்லை, கதவு பூட்டியிருந்ததன் பலன். இப்போது கதவு திறந்துவிட்டது, அந்தக் கணக்கை நம்பிக் கடன் எடுக்க வேண்டாம்.

எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. சிநேகிதன் ஒருவனின் நிஞ்ஜா 250ஐ ஒருநாள் விடியப்புறம் சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரிப் பக்கம் ஓடினேன், அந்தச் சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. ஆனால் அது அவனுடைய மூன்றாவது வாகனம். பைக் இரண்டு மாதம் கராஜில் கிடந்தாலும் வேலைக்குப் போக வேறு வழி இருக்கிறது, தவணை கட்டினாலும் வீட்டுச் சாப்பாட்டில் கை வைக்கத் தேவையில்லை என்றால் தாராளமாய் எடுங்கள், நானே வந்து பார்த்துத் தருகிறேன். ஒரே வாகனம், ஒரே சம்பளம், அதில் பாதி தவணை என்றால் ஒரு நல்ல 150, கவர் இல்லாதது, போதும். மிஞ்சுகிற காசில் நல்ல ஹெல்மெற் ஒன்று, முடிந்தால் ஏபிஎஸ் (சடாரென்று பிடித்தாலும் சில்லு இறுகாத பிரேக்) உள்ள மொடல்.

சரி, இவ்வளவு சொல்லியும் எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், ஓடினதைப் பார்க்கிற விதம் ஒன்று இருக்கிறது. மீற்றரை நம்பாதீர்கள், முன் பிரேக் டிஸ்கின் விளிம்பில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். மீற்றர் 14,000 என்று காட்டுகிறது, ஆனால் டிஸ்க் தேய்ந்து நகம் வரம்பில் தட்டுப்படுகிறது என்றால் மீற்றர் பொய் சொல்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். பின் ஸ்ப்ரொக்கெற்றின் பல் சுறாச் செட்டை மாதிரி ஒரு பக்கம் தேய்ந்து சாய்ந்திருக்கிறதோ என்று பாருங்கள். கசூரினாக் கடற்கரைப் பக்கம் அடிக்கடி போய்வந்த பைக் என்றால் உப்புக் காற்று செயினிலும் கவருக்குள் இருக்கிற நட்டுகளிலும் தெரியும். சீஆரில், அதாவது பதிவுப் புத்தகத்தில், உள்ள செசி நம்பர்தான் பைக்கிலும் இருக்கிறதோ என்று நீங்களே குனிந்து வாசியுங்கள், பெயர் மாற்றாமல் ஓப்பன் பேப்பரில் தருகிறேன் என்றால் வேண்டாம். இன்னொன்று, காலமை ஏழு மணிக்கு வருகிறேன், எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் முதல் வேலையாய் எஞ்சினில் கையை வையுங்கள். சூடாய் இருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆகிற விதத்தை மறைக்கிறார்கள், தேத்தண்ணி தந்தால் குடித்துவிட்டு பைக்கை எடுக்காமல் வந்துவிடுங்கள்.