கிரீட்டின் கோடையும் கேரளத்து மழையும்

நவம்பர் பிறந்துவிட்டால் கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் ஆஃப் சீசன். ஹனியா நகரின் பழைய துறைமுகத்தில் பாதி உணவகங்கள் நாற்காலிகளை அடுக்கிவைத்துவிடும். சுமார் 16 கிலோமீட்டர் நீளமுள்ள சமாரியா மலையிடுக்கில் மழை வந்தால் வெள்ளம் பாயும் என்பதால், மே மாதம் வரை அங்கே நடைப்பயணத்துக்கு அனுமதி கிடையாது. ஓட்டல் வாடகை இறங்கியிருக்கும். சரி, கடலில் இறங்கலாமா?

இறங்கலாம். ஆகஸ்டில் 25, 26 டிகிரி இருந்த கடல் நவம்பரிலும் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். மெரினாவில் கால் நனைத்துப் பழகியவர்களுக்கு அதுவே நடுக்கம்தான், ஜெர்மனியிலிருந்து வருகிறவர்கள் சந்தோஷமாக நீந்துவார்கள். பாறையைச் சுடும் வெயில் மேல்தோலோடு நின்றுவிடும், மாலையில் அந்தச் சூடும் போய்விடும். கடலில் அப்படியில்லை. அலைகள் வெப்பத்தைப் பல மீட்டர் ஆழத்துக்குக் கலக்கிவிடுகின்றன. குளிர்காலம் தொடங்கியதும் மேலே குளிர்ந்த நீர் கனமாகிக் கீழே இறங்க, அடியிலிருக்கும் வெதுவெதுப்பான நீர் மேலே வருகிறது. சேர்த்துவைத்ததை எல்லாம் இப்படிச் செலவழித்து முடிக்கக் கடலுக்கு பிப்ரவரி, மார்ச் ஆகிவிடும். அப்போதும் 16 டிகிரி வாக்கில் நிற்கும்.

மழைக்கும் இந்தச் சூடு உதவுகிறது. வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று வெதுவெதுப்பான கடல்மேல் ஈரத்தை அள்ளிக்கொண்டு, சுமார் 2,450 மீட்டர் உயரமுள்ள வெள்ளை மலைகளில் மோதுகிறது. அந்த மேற்கு மலைகளில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேலும் கொட்டும். கிழக்குக் கரைக்கு 500 கிடைத்தால் பெரிது.

எனக்கு இதைவிட சுவாரசியமாகப் படுவது கோடைதான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே மழை இல்லை என்றே சொல்லிவிடலாம். நிலநடுக்கோட்டருகே எழும் காற்று வெப்பமண்டலத்துக்கு அப்பால் கீழிறங்குகிறது, இறங்கும் காற்றில் மேகம் உருவாகாது என்பது பள்ளிப்பாடம். ஆனால் அந்தச் சுழற்சி பூமியின் வட பாதியில் வலுவாக இருப்பது குளிர்காலத்தில்தான், கோடையில் தளர்ந்துவிடும். அப்படியானால் கிழக்கு மத்தியதரைக் கடல்மேல் கோடையில் காற்று ஏன் அவ்வளவு வலுவாகக் கீழிறங்குகிறது?

1996இல் ராட்வெல், ஹாஸ்கின்ஸ் என்ற இரு வானிலை அறிஞர்கள் கணினி மாதிரிகளை வைத்துச் சொன்ன விடையில் நம் தென்மேற்குப் பருவமழை வருகிறது. கேரளத்தில் தொடங்கி வங்காளம் வரை பெய்யும் அந்த மழையில், நீராவி துளியாகும்போதெல்லாம் அதற்குள் ஒளிந்திருந்த வெப்பம் (உள்ளுறை வெப்பம்) காற்றில் கலக்கிறது. அந்தப் பிரம்மாண்டமான அடுப்பு காற்றுமண்டலத்தில் ஓர் அலையை மேற்கு நோக்கி அனுப்புகிறது. மத்தியதரைக் கடலுக்கு மேலே மேற்கிலிருந்து வீசும் மேலைக்காற்று அந்த அலையைச் சந்தித்துச் சரிந்து கீழே இறங்குகிறது. இறங்கும் காற்று சூடாகி உலர்கிறது, வானம் வெளுத்துக்கிடக்கிறது. இங்கே குடை பிடிக்கும் அதே வாரங்களில் அங்கே சுற்றுலாக்காரர்கள் வெயில் காய்வதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்று சொல்லிக்கொள்ளலாம். ஆகஸ்டில் கப்பல்களைப் பாடாய்ப் படுத்தும் மெல்டெமி என்ற வடகாற்றும், இந்தியாவிலிருந்து துருக்கி வரை நீளும் பருவகாலத் தாழ்வழுத்தத்தை நோக்கி ஓடுவதுதான்.

ஆக, தீவின் செடிகொடிகளைக் கேட்டால் அவற்றுக்குக் கோடைதான் ஆஃப் சீசன். நம் ஊர் நரிவெங்காயத்துக்கு அங்கே ஓர் உறவுக்காரச் செடி உண்டு. வெயில் காலம் முழுக்க இலையில்லாமல், முழங்கை கனத்தில் பாதிக் கிழங்கை மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டு கிடக்கும். கோடை முடியும் தறுவாயில் வறண்ட தரையிலிருந்து வெறும் பூத்தண்டு மட்டும் ஆளுயரத்துக்குக் கிளம்பும். மழை விழுந்த பிறகுதான் பளபளப்பான பச்சை இலைகள் வரும். புத்தாண்டுக்கு அந்தக் கிழங்கைத் தோண்டி வீட்டு வாசலில் கட்டுவார்கள். மண்ணே இல்லாமல் தொங்கிக்கொண்டும் அது துளிர்விடும்.