ஸிஃபோடான்ட் என்றால் கருக்குப்பல்

ஊனுண்ணி டைனோசர்களின் பல்லைப் பற்றி எதைப் படித்தாலும் இந்தச் சொல் குறுக்கே வந்து நிற்கும். கிரேக்கத்தில் ஸிஃபோஸ் என்றால் இருபுறமும் கூரான குட்டை வாள், ஒடோன்ட் என்றால் பல், ஆக வாட்பல் என்று போட்டுவிட்டுப் போய்விடலாம். சரி, ஆனால் அது போதாது. பக்கவாட்டில் தட்டையாகி, நுனி பின்னோக்கி வளைந்து, விளிம்பு நெடுகப் பொடிப்பொடியாகப் பல் வைத்த பல்லுக்குத்தான் இந்தப் பெயர். அந்தப் பொடிப்பல்தான் விஷயமே, கிரேக்கச் சொல் அதை விட்டுவிட்டது. தமிழில் வாள் என்பது மரம் அறுக்கும் ஈர்வாளையும் குறிக்கும் என்பதால் பாதிக் குறை தீர்கிறது. எனக்கென்னவோ கருக்குப்பல்தான் பிடித்திருக்கிறது. பனைமட்டையின் கருக்கில் கையைக் கிழித்துக்கொண்டவருக்கும் கருக்கரிவாள் பிடித்தவருக்கும் விளக்கமே வேண்டாம்.

ஆளை அடையாளம் காட்டுவதும் கருக்குதான். வாழ்நாள் முழுக்கப் பல் விழுந்து முளைக்கும் பிராணிகள் என்பதால் மண்டையோடு கிடைக்காத இடத்திலும் பல் கிடைக்கும். விளிம்பின் நடுப்பகுதியில் 5 மி.மீ. நீளத்துக்கு எத்தனை கருக்கு என்று எண்ணுவார்கள், வடிவத்தைப் பார்ப்பார்கள். பல்லின் அளவுக்கு மீறிப் பெரிய, நுனிப்பக்கம் கொக்கிபோல் சாய்ந்த கருக்கு என்றால் பறவைக்கு நெருங்கிய சிறு டைனோசர்களான ட்ரூடான்டிட் குடும்பமாக இருக்கலாம். அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டுப் படிவுகளில் கிடைத்த ஒரே ஒரு பல்லை வைத்து 2013இல் அப்படித்தான் அறிவித்தார்கள். டி. ரெக்ஸ் பல்லிலும் கருக்கு உண்டு, ஆனால் ஆள் தடிமன், வாள் என்று சொல்ல முடியாது. ஸ்பைனோசாரஸ் பல்லோ கூம்பு, கருக்கே கிடையாது.

ஆனால் ஒன்று, இது வடிவத்தின் பெயர், வம்சத்தின் பெயர் அல்ல. தென்னமெரிக்காவின் தென்கோடியான படகோனியாவில் பாலூட்டி எலும்புகளோடு இப்படிப்பட்ட பற்கள் கிடைத்ததும் டைனோசர் என்றே எண்ணி, அந்தப் பாறை அடுக்குகளின் வயதையே கூட்டிச் சொன்னார்கள். 1937இல் தொல்லுயிரியலாளர் ஜார்ஜ் கேலார்ட் சிம்ப்சன் செபெகஸ் என்று பெயரிட்ட விலங்கு, அந்தப் பல்லுக்குச் சொந்தக்காரர் முதலையினம் என்று காட்டியது. அதனால் மொழிபெயர்க்கும்போது டைனோசர் பல் என்று எழுதிவிடாதீர்கள். நம்ம உடும்பின் சொந்தக்காரரான கொமோடோ டிராகனுக்கு இன்றைக்கும் கருக்குப்பல்தான், அந்தக் கருக்கில் இரும்பு படிந்து ஆரஞ்சு நிறத்தில் இருப்பதை 2024இல் கண்டுபிடித்தார்கள்.