காற்றை விட்டுக் கூரையைக் குளிர்வித்த கட்டடம்

கோடை இரவில், மொட்டை மாடிக்கு நேர் கீழேயுள்ள அறையில் படுத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றாலும், பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் தலைக்கு மேலிருந்து காங்கையை இறக்கிக்கொண்டே இருக்கும். காற்றோட்டம் குறைந்த அறையில் நாம் உணரும் சூட்டில் ஏறத்தாழப் பாதி காற்றினுடையது. மறுபாதி, சுவரும் கூரையும் தரையும் வீசும் வெப்பக்கதிர்களுடையது. நம் அலுவலகங்களின் ஏசி அமைப்புகளோ அந்த மறுபாதியை மறந்துவிட்டு, காற்றை மட்டுமே துரத்துகின்றன.

ஐதராபாத்தில் இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் போச்சாரம் வளாகத்தில் 2011-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரு கட்டடம் அந்தக் காங்கையைத் தலைகீழாகத் திருப்பியது. அதன் கான்கிரீட் தளங்களுக்குள் குழாய்களைப் பதித்து, அவற்றில் குளிர்நீரை ஓடவிட்டார்கள். அமர்ந்து வேலை செய்யும் ஒருவரின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. அதில் ஒரு பெரும்பங்கைக் குளிர்ந்த கூரை நேராகவே வாங்கிக்கொள்ள, நீர் அதைச் சுமந்து வெளியேறுகிறது.

இதில் மின்சாரம் மிச்சமாவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒரே கனஅளவுக்கு, நீர் காற்றைவிட ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். ஆகவே பெரிய விசிறிகளும் அகன்ற காற்றுக்குழாய்களும் செய்யும் வேலையை ஒரு சிறிய பம்பும் விரல் பருமனுள்ள குழாய்களும் முடித்துவிடுகின்றன. அடுத்தது, பெரிய அலுவலகங்களின் வழக்கமான ஏசிக்கு நீரைச் சுமார் 7 டிகிரி செல்சியஸ் வரை குளிர்விக்க வேண்டும். கூரை முழுவதுமே குளிர்ப்பரப்பாக இருக்கையில் 14, 15 டிகிரியே போதும் என்பதால் குளிர்விப்பு இயந்திரத்தின் பாடு வெகுவாகக் குறைகிறது.

நான் மிகவும் மதிப்பது இதைச் சோதித்த நேர்மையை. கட்டடத்தை ஒத்த இரண்டு பாதிகளாகக் கட்டி, ஒன்றில் திறன்மிக்க வழக்கமான ஏசியையும் மற்றதில் கூரைக் குளிர்விப்பையும் அமைத்து, தனித்தனி மின்மானிகளால் அளந்தார்கள். இரண்டுக்கும் வெயில் ஒன்று, சன்னல்கள் ஒன்று, வேலையும் ஒன்று. கூரையைக் குளிர்வித்த பாதி, குளிரூட்டலுக்கு 34 சதவீதம் குறைவான மின்சாரமே எடுத்துக்கொண்டது.

ஆனால் ஈரக்காற்று இதற்குப் பகை. ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைப் போல, காற்றின் பனிநிலையைவிட (அதன் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட) குளிர்ந்த கூரையிலும் நீர் முத்துமுத்தாகத் துளிர்த்து மேசைமேல் சொட்டும். மழைக்காலத்தில் வெளிக்காற்றின் பனிநிலை 20 டிகிரியைத் தாண்டுவதால், மூச்சுக்குத் தேவையான காற்றை மட்டும் தனி இயந்திரத்தில் ஈரம் நீக்கி உள்ளே அனுப்புகிறார்கள். கூரை குளிர்ந்திருக்கும் வரை அங்கே சன்னல்கள் மூடியே இருந்தாக வேண்டும்.