மார்ஃபன் குறைபாட்டில் கிட்டப்பார்வை ஏன் ஏறிக்கொண்டே போகிறது?

ஆண்டுதோறும் கண்ணாடியின் பவர் ஏறிக்கொண்டே போகும் பிள்ளையை, ‘எந்நேரமும் செல்போனே கதி என்று கிடந்தால் இப்படித்தான் ஆகும்’ என்று கடிந்துகொள்ளாத வீடு இன்று அரிது. பெரும்பாலான பிள்ளைகளைப் பொறுத்தவரை அந்தக் கண்டிப்பில் ஓரளவு நியாயம் உண்டு. மார்ஃபன் குறைபாட்டோடு பிறந்த பிள்ளைக்கோ அந்த வசவு பெரும் அநீதி; அவன் கண்ணைக் கட்டிவைத்திருக்கும் இழைகளே பிறப்பிலிருந்து நலிந்தவை.

கைகால்களும் விரல்களும் அசாதாரணமாக நீண்டிருந்த 5 வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி, பிரான்சு நாட்டுக் குழந்தை மருத்துவர் அந்துவான் மார்ஃபன் 1896-இல் விவரித்ததால் இந்நோய்க்கு அவர் பெயர் நிலைத்தது. ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. 15-ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் ஏற்படும் பிழையே இதற்குக் காரணம் என்பது 1991-இல் தெரியவந்தது. ஃபைப்ரில்லின்-1 என்ற புரதத்தை உருவாக்கும் மரபணு அது. உடலின் இணைப்புத் திசுக்களில் மெல்லிய நூல்களாகப் பின்னிக் கிடந்து, அவற்றுக்கு உறுதியும் நெகிழ்வும் தருவது இந்தப் புரதம்தான்.

கண்ணுக்குள் இருக்கும் வில்லை (லென்ஸ்) தானாக நிற்பதில்லை. அதன் விளிம்பைச் சுற்றிலும் நூற்றுக்கணக்கான நுண்ணிழைகள் புறப்பட்டுக் கண்ணின் உட்சுவரில் போய்ப் பிணைந்திருக்கின்றன. நாலாபுறமும் கயிறு கட்டி இழுத்த கூடாரத் துணியைப் போல வில்லை அவற்றின் நடுவே தொங்குகிறது. தொலைவில் பார்க்கும்போது இழைகள் விறைத்து வில்லையைத் தட்டையாக இழுக்கின்றன. அருகில் பார்க்கும்போது உட்தசை சுருங்க, இழைகள் தளர்ந்து, வில்லை உருண்டு திரள்கிறது. இந்த இழைகள் பெரும்பாலும் ஃபைப்ரில்லினாலேயே ஆனவை. எனவே அந்தப் புரதம் பழுதாகும்போது அவை எப்போதுமே சற்றுத் தளர்ந்திருக்கின்றன. பிள்ளை எதிர்வீட்டு மாடியைப் பார்த்தாலும், மடியில் உள்ள புத்தகத்தைப் படிப்பதற்கான உருட்சியிலேயே வில்லை நிற்கிறது. அந்த உருட்சி கூடக் கூடப் பவரும் கூடுகிறது.

இழைகள் சில அறுந்தால் வில்லை மையத்தைவிட்டு விலகும். மார்ஃபன் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு மேல் இது நேர்கிறது. பெரும்பாலும் மேற்புறமாகவும் காதோரப் பொட்டுப் பக்கமாகவும் அது நகர்கிறது. சாய்ந்த வில்லை கிட்டப்பார்வையோடு சிதறல் பார்வையையும் (அஸ்டிக்மாட்டிசம்) சேர்த்துத் தருகிறது. அதன் ஓரம், ஒளி நுழையும் துளையான கண்மணிக்குக் குறுக்கே வந்து நின்றுவிட்டால், வில்லை வழியாக ஒரு பிம்பமும் வில்லை இல்லாத இடைவெளி வழியாக மற்றொன்றும் விழுந்து, ஒரே தெருவிளக்கு இரண்டாகத் தெரியும்.

இது போக, கண்ணின் நீளமும் கூடுகிறது. வளர்ந்தவரின் கண் முன்பின்னாக ஏறத்தாழ 24 மி.மீ. நீளம் கொண்டது, 1 மி.மீ. கூடினாலே கிட்டப்பார்வை ஏறத்தாழ 2.5 டயாப்டர் (கண்ணாடிப் பவரின் அலகு) ஏறும். கண்ணின் வெளிச்சுவரான விழிவெண்படலமும் இணைப்புத் திசுவே ஆதலால், மார்ஃபனில் அது உள்ளழுத்தத்துக்கு இடம்கொடுத்துப் பின்புறமாக நீள்கிறது. இதில் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. கண்ணின் முகப்பில் உள்ள ஒளிபுகும் கருவிழிப்படலம் இவர்களுக்கு வழக்கத்தைவிடத் தட்டையாக இருப்பதால் ஒளியைக் குறைவாகவே வளைக்கிறது. அதனால் கண் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பது கண்ணாடியின் பவரில் முழுதாக வெளிப்படாமல் போகிறது. பவரை மட்டும் குறித்துக்கொண்டு அனுப்பிவிடாமல், கண்ணின் நீளத்தையும் அளந்து பதிவு செய்யவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பவர் திடீரென்று தாவினால், சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரியச் செய்து, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்ப்பது அவசியம். விரிந்த கண்மணிக்குள் வில்லையின் விளிம்பு பிறைபோல் தெரியும். பிள்ளை பார்வையைச் சட்டென்று திருப்பும்போது, பின்னால் வில்லையின் தாங்கல் இல்லாத கருவிழித்திரை (கண்மணியைச் சுற்றியுள்ள நிறத்திரை) நீர்ப்பரப்பு போல நடுங்கும். பவரைத் திருத்திக்கொண்டே போவது பலருக்குப் போதும். எந்தக் கண்ணாடியாலும் தெளிவு வராத நிலையில் வில்லையை அகற்றும் அறுவை சிகிச்சை தேவைப்படும். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு இந்த முடிவை ஆறப்போடக் கூடாது. தெளிவான பிம்பம் கிடைக்காத கண்ணை மூளை புறக்கணிக்கப் பழகிவிட்டால், அது சோம்பேறிக் கண்ணாகிவிடும்.

நீண்ட கண்ணில் விழித்திரையும் இழுபட்டு மெலிகிறது. மின்னல் வெட்டுவது போன்ற ஒளி, திடீரென்று மிதக்கும் கரும்புள்ளிகள், பார்வையின் ஓரத்தில் திரை விழுவது போன்ற இருள் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போகவேண்டும்.

இதே ஃபைப்ரில்லின்தான் இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் சுவரிலும் இருக்கிறது; அதனால் அதுவும் நலிந்து விரியக்கூடும். அடையாளங்களுக்கு மதிப்பெண் இட்டு மார்ஃபனைக் கண்டறிய 2010-இல் திருத்தப்பட்ட நோயறி விதிகளின்படி 3 டயாப்டருக்கு மேற்பட்ட கிட்டப்பார்வைக்கு ஒரு மதிப்பெண் மட்டுமே. வில்லை விலகலோ பெருந்தமனி விரிவுக்கு நிகரான முதன்மை அடையாளம். அவ்விரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் அதுவே மார்ஃபன் என்று உறுதிசெய்யப் போதும். அதனால்தான் வில்லை விலகியிருப்பதைக் காணும் கண் மருத்துவர், கண்ணாடி மாற்ற வந்த பிள்ளையை இதய எக்கோ பரிசோதனைக்கும் அனுப்புகிறார். அங்கே பெருந்தமனியின் வேர்ப்பகுதி எத்தனை மில்லிமீட்டர் விரிந்திருக்கிறது என்று அளந்து, தேவையானால் அது மேலும் விரிவதை மெதுவாக்கும் மாத்திரைகளைத் தொடங்குகிறார்கள்.