பேட்டரியைக் குறை சொல்லும் முன் சிக்னலைப் பாருங்கள்

"சார்ஜே நிக்க மாட்டேங்குது" என்று சொல்லிப் புது பேட்டரி போட்டுக்கொண்ட பலர், சில வாரங்களில் அதே புகாரோடு திரும்பி வருவதைக் கைபேசி பழுதுபார்ப்பவர்கள் நன்கு அறிவார்கள். கைபேசி நிறுவனங்களில், டவரோடு அலை வழியாகப் பேசும் பாகமான ரேடியோவைக் கவனிக்கும் பிரிவில் வேலை பார்க்கும் எங்களைப் போன்றவர்கள், அப்படிப் புகார் சொல்பவர்களிடம் முதலில் கேட்பது, வீட்டில் எந்த இடத்தில் கைபேசியை வைக்கிறீர்கள் என்பதைத்தான். திரை வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆண்டெனா வழியாகக் கரையும் சார்ஜைப் பற்றிச் சொல்வோர் குறைவு.

கைபேசி எவ்வளவு சக்தியுடன் அலையை அனுப்ப வேண்டும் என்பதைப் பெரும்பாலும் டவர்தான் தீர்மானிக்கிறது. அருகில் இருந்தால் "குறைத்துக்கொள்" என்றும், தொலைவிலோ கனத்த சுவர்களுக்குப் பின்னாலோ இருந்தால் "கூட்டு" என்றும் அது ஓயாமல் கட்டளையிட்டுக்கொண்டே இருக்கும். சாதாரண 4ஜி கைபேசியின் உச்ச அளவு 200 மில்லிவாட். டவர் பக்கத்தில் இருந்தால் ஒரு மில்லிவாட்டுக்கும் கீழே இறங்கிவிடும். ஆண்டெனாவிலிருந்து 200 மில்லிவாட் வெளியேற வேண்டுமானால் பேட்டரி அதைப்போல் சில மடங்கு கொடுக்க வேண்டியிருக்கிறது; மிச்சமெல்லாம் வெப்பமாகப் போகிறது. சிக்னல் இல்லாத மூலையில் நின்று வீடியோ கால் பேசும்போது கைபேசி சுடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

திரையில் தெரியும் சிக்னல் கோடுகளை நம்ப வேண்டாம். எத்தனைக் கோடு காட்டுவது என்பதைக் கைபேசி தயாரிப்பாளர்கள் தங்கள் விருப்பப்படி வைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகளில், செட்டிங்ஸில் கைபேசியைப் பற்றிய பகுதிக்குப் போய் சிம் நிலையைத் திறந்தால், சிக்னல் வலிமை டிபிஎம் என்ற அலகில் மைனஸ் குறியோடு தெரியும். 4ஜியில் −85 என்றால் நல்ல சிக்னல், −115 என்றால் கைபேசி மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் உள்ள 30 டெசிபல் (டிபிஎம் எண்களின் வித்தியாசத்தைச் சொல்லும் அலகு) வித்தியாசம் சிறிதாகத் தோன்றினாலும், பத்து டெசிபலுக்குப் பத்து மடங்கு என்ற கணக்கில் அது ஆயிரம் மடங்கு. இந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குள் ஒருமுறை நடந்து பாருங்கள். இரும்பு பீரோவின் மேல் −116 காட்டும் கைபேசி, ஜன்னல் திண்டில் வைத்ததும் −98க்கு வருவதெல்லாம் சாதாரணமாக நடப்பதுதான். செலவில்லாத இந்த இடமாற்றம், எந்த பேட்டரி சேமிப்புச் செயலியும் தராத பலனைத் தரும்.

அடுத்தது, அடிக்கடி அனுப்பப்படும் துளித் துளித் தகவல்கள். சும்மா கிடக்கும் கைபேசி தன் ரேடியோவை உறங்க வைத்துவிட்டு, அழைப்பு ஏதும் வருகிறதா என்று கேட்பதற்கு மட்டும் குறித்த இடைவெளியில் கண் விழிக்கும். 4ஜியில் அந்த இடைவெளி வழக்கமாக 1.28 விநாடி. ஆனால் ஏதேனும் ஒரு செயலி நான்கு எழுத்தை அனுப்பினாலும் முழு இணைப்பு எழுப்பப்படுகிறது. அனுப்பி முடிந்த பிறகும், இன்னும் ஏதாவது வரலாம் என்ற எதிர்பார்ப்பில், பல நெட்வொர்க்குகளில் ஏறக்குறைய 10 விநாடி அந்த இணைப்பு விழித்தே இருக்கிறது. நிமிடத்திற்கு ஒருமுறை சர்வரைத் தொட்டுப் பார்க்கும் செயலி ஒன்று இருந்தால், யாரும் கையில் எடுக்காத கைபேசிகூட ஆறில் ஒரு பங்கு நேரம் விழித்திருக்கும். இந்தத் தொல்லையைக் குறைக்கத்தான் 2015இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 6, கைபேசி அசையாமல் கிடக்கும்போது செயலிகளின் வேலைகளைத் தள்ளிவைத்து மொத்தமாகச் செய்யவைக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. "பேட்டரி கட்டுப்பாடு வேண்டாம்" என்று ஒரு செயலி அனுமதி கேட்கும்போது நாம் யோசிக்காமல் சம்மதித்தால், அந்த ஏற்பாட்டிலிருந்து அதற்கு நாமே விலக்குக் கொடுத்துவிடுகிறோம். மாறாக, புளூடூத்தை அணைப்பதால் கிடைக்கும் சேமிப்பு மிகச் சிறியது.

வலுவிழந்த சிக்னலைவிட மோசமானது, சிக்னல் வந்து வந்து போகும் நிலை. கரையை விட்டு வெகுதூரம் போன விசைப்படகிலும், கொடைக்கானல் மலைப்பாதையிலும், கைபேசி ஒவ்வொரு அலைவரிசையாகத் துழாவித் தன் நிறுவனத்தின் டவரைத் தேடிக்கொண்டே இருக்கும். இத்தகைய இடங்களில் ஃப்ளைட் மோடில் போடுவது நல்லது. இப்போதைய கைபேசிகளில் ஜிபிஎஸ் அப்போதும் வேலை செய்யும், ஏனென்றால் அது செயற்கைக்கோள் அலையைக் கேட்கிறதே தவிர எதையும் அனுப்புவதில்லை. முன்கூட்டியே இறக்கி வைத்த வரைபடத்தில் படகு இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் அழைப்புகளும், டவர் வழியாக வரும் பேரிடர் எச்சரிக்கைகளும் வராது என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

5ஜி எல்லையோரத்தில் வீடு இருப்பவர்கள், நெட்வொர்க் தேர்வை 4ஜிக்கு மாற்றிச் சில நாள் பார்க்கலாம். ஏர்டெல் 2022இல் தொடங்கிய வகை 5ஜியில் 4ஜி இணைப்பும் கூடவே இயங்குவதால், கைபேசி இரண்டு ரேடியோக்களுக்கும் தீனி போட வேண்டியிருக்கிறது. பயன்படுத்தாத இரண்டாவது சிம்மை அணைத்து வைக்கலாம். வீட்டில் வைஃபை இருந்தால், அழைப்புகளை டவருக்குப் பதில் வைஃபை வழியாக அனுப்பும் வைஃபை காலிங்கை இயக்குவதே சிறந்தது. உரிமம் இல்லாமல் கடைகளிலும் இணையத்திலும் விற்கப்படும் சிக்னல் பூஸ்டரை மட்டும் வாங்காதீர்கள்; அது சட்டப்படி குற்றம் என்பதோடு, தெருவில் உள்ள மற்றவர்களின் சிக்னலையும் கெடுக்கும். பல சிக்னல் புகார்களுக்குக் காரணம், மொட்டை மாடியில் ஒளித்து வைக்கப்பட்ட அப்படிப்பட்ட ஒரு பெட்டியாகவே இருந்திருக்கிறது.

இவையெல்லாம் அவசியத் தேவையாக மாறுவது புயல் காலத்தில்தான். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரையைக் கடந்த பிறகு, டெல்டாவின் பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் போனால் டவரும் முதலில் பேட்டரியிலும், பிறகு டீசல் ஜெனரேட்டரிலும்தான் ஓடும். டீசல் வந்துசேராவிட்டால் அதுவும் நின்றுவிடும். அப்போது ஊரிலுள்ள கைபேசிகள் அனைத்தும் தொலைவிலுள்ள வேறொரு டவரை எட்டிப் பிடிக்க முயல்வதால், சார்ஜ் மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது மிக வேகமாகக் கரைகிறது. வீட்டில் நான்கு கைபேசிகள் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அணைத்துவிடுங்கள். மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டுக் குறுஞ்செய்தியைப் பயன்படுத்துங்கள். டேட்டா திணறும் இடத்திலும் அது போய்ச் சேர வாய்ப்பு அதிகம். "காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் மட்டும் போனை ஆன் செய்வோம்" என்று வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்குப் புயலுக்கு முன்பே சொல்லி வைத்துவிட்டால், அவர்களும் இடைப்பட்ட நேரத்தில் அழைத்து அழைத்துப் பதற வேண்டியிருக்காது.