திரை உடைஞ்சா புத்தகம் போயிடுமோ?

மல்லாவிப் பக்கம் படிப்பிக்கிற ரீச்சர் ஒராள் போன கிழமை போன் எடுத்தா. "தம்பி, மகன் ஈ ரீடரைக் கீழ போட்டுட்டான், திரையில பாதி கறுப்பு, மிச்சப் பாதியில நேற்று வாசிச்ச பக்கம் அப்பிடியே நிக்குது, உள்ளுக்க கிடந்த புத்தகமெல்லாம் போச்சோ?"

போகேல்ல ரீச்சர். அந்தத் திரைக்குள்ள கறுப்பும் வெள்ளையுமாக் குட்டித் துணிக்கையள் கிடக்கு, பக்கம் மாறேக்க மட்டும்தான் கரண்ட் அதுகளை அசைக்கும், பிறகு கரண்ட் இல்லாட்டியும் நிண்ட இடத்திலயே நிக்கும், அதாலதான் நேற்றைய பக்கம் இண்டைக்கும் தெரியுது. புத்தகம் கிடக்கிறது பின்னால உள்ள நினைவகச் சிப்பில.

லாப்டொப்பில வயரைக் குத்தினா பெரும்பாலும் பென் ட்ரைவ் மாதிரி வரும். சில மொடல் திரையில "இணைக்கவா" எண்டு கேக்கும், அப்ப குத்துமதிப்பா அழுத்திப் பாக்கோணும், பாஸ்வேட் போட்டிருந்தா கதை வேற. ரீச்சருக்கு முதல் ஒண்டுமே வரேல்ல, ஏனெண்டா மலிவு வயர் சிலதில சார்ஜ் கம்பி மட்டும்தான், தரவு போற கம்பி இல்லை. பக்கத்து வீட்டு வயரால வந்திட்டுது. எல்லாத்தையும் அள்ளிக் கொப்பி பண்ணுங்கோ, மறைஞ்சு கிடக்கிற போல்டரையும் விடாதேங்கோ, கோபோ எண்ட ரீடரில நீங்கள் கோடு போட்ட வரியெல்லாம் அதுக்குள்ளதான், அமேசன் விக்கிற கிண்டில் ரீடரெண்டா 'மை கிளிப்பிங்ஸ்' எண்ட பைல். பூட்டுப் போட்டு விக்கிற புத்தகம் கொப்பியாகும், ஆனா வேற ரீடரில பெரும்பாலும் திறக்காது. அமேசன் 2025 பெப்ரவரியோட, வாங்கின கிண்டில் புத்தகத்தைக் கொம்பியூட்டருக்கு இறக்கி வயரால ஏத்துற வசதியையும் நிப்பாட்டிட்டுது.

இனித்தான் எனக்குப் பிடிச்ச இடம். கன ஈ புத்தகங்கள் வாற இபப் எண்ட பைல் உண்மையில ஒரு ஸிப், அதாவது கன பைலைச் சுருக்கி ஒண்டாக் கட்டின பொட்டலம். 1989இல பில் காட்ஸ் எண்டவர் கொண்டுவந்த வடிவம், இண்டைக்கும் ஒவ்வொரு இபப்பும் அவரிட பேரின்ர முதலெழுத்து ரெண்டோட, பீ, கே எண்டுதான் தொடங்குது. இடம்பெயரேக்க எங்கட வீடுகளில ட்ரங்குப்பெட்டி கட்டினது ஞாபகமிருக்கே, காணி உறுதியும் பிறப்புப் பத்திரமும் எப்பவும் மேல, திறந்த உடன கையில வரோணும். இபப்பும் அப்பிடித்தான். முதல் பைலின்ர பேர் 'மைம்டைப்', அதை மட்டும் சுருக்கக் கூடாது, முதலாவதாத்தான் வைக்கோணும் எண்டு சட்டம். ஸிப் தலைப்புக்கு 30 பைட், அந்தப் பேருக்கு 8 பைட், ஆக 38 பைட் தள்ளி "நான் இபப்" எண்ட வசனம் அப்பட்டமாக் கிடக்கும், பெட்டியத் திறக்காமலே என்ன சாமான் எண்டு விளங்கும்!

அதைவிட வடிவு என்னெண்டா, உள்ள கிடக்கிற சாமானின்ர பட்டியல் கடைசியில கிடக்கு. அடுக்கி முடிஞ்சாப்பிறகுதானே எது எங்கயெண்டு எழுதலாம். திறக்கிற மென்பொருள் முதல்ல வாலுக்கு ஓடிப் பட்டியலைப் பாத்து, பிறகுதான் முன்னுக்கு வரும். அப்ப கொப்பி ஓடேக்க கரண்ட் போனாலோ வயரை இழுத்தாலோ வால் வந்து சேராது, முக்கால்வாசிப் புத்தகம் வந்திருந்தாலும் "திறக்கேலாது" எண்டு நிக்கும். ரீச்சருக்கும் மூண்டு புத்தகம் அப்பிடித்தான் முரண்டு பிடிச்சுது, திரும்பக் கொப்பி பண்ணச் சரி. அந்தப் பட்டியலில ஒவ்வொரு பைலுக்கும் 32 பிட் சரிபார்ப்பு எண் ஒண்டும் இருக்கு, உள்ள ஒரு எழுத்து பழுதானாலும் எண் பொருந்தாது. ஸிப் மென்பொருளில 'டெஸ்ட்' அழுத்தினாக் கொப்பி நல்லதோ எண்டு சொல்லிடும், ஒவ்வொண்டாத் திறந்து பாக்கத் தேவையில்லை.

புத்தகத்தின்ர பேரும் எழுத்தாளரும் கூடப் பெட்டிக்குள்ள ஓபிஎஃப் எண்ட பைலில எழுதிக் கிடக்கும், அதால வெளியில பைலின்ர பேர் கண்டபடி இருந்தாலும் காலிபர் அதை வாசிச்சு ஆள்வாரியா அடுக்கித் தரும். 2006இல கோவிட் கோயல் தொடங்கின மென்பொருள், இலவசம். அது அடுக்கின போல்டரில மட்டும் கை வைச்சுப் பேர் மாத்தாதேங்கோ, அதின்ர கணக்குப் புத்தகம் குழம்பிப்போகும்.

ரீச்சர் சரஸ்வதி பூசைக்கு ரீடருக்கும் சந்தனம் வைச்சவவாம். வைக்கட்டும், நான் என்ன சொல்ல, ஆனா சந்தனம் கொப்பி எடுக்காது. 1981இல யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சதில வேற எங்கயும் கொப்பி இல்லாத சுவடியளும் போச்சு. 2005இல இருந்து 'நூலகம்' திட்டம் எங்கட புத்தகங்களை ஸ்கேன் பண்ணி இணையத்தில ஏத்துது, கனக்கத் தன்னார்வலர் உழைப்பும் நன்கொடையும், மண்டபம் கட்டக் காசு ஒதுக்கிறவை இதுக்கும் கொஞ்சம் ஒதுக்கலாம்தானே.

இப்ப ரீச்சரிட்ட ரெண்டு கொப்பி இருக்கு, லாப்டொப்பில ஒண்டு, பென் ட்ரைவில ஒண்டு. ரெண்டும் ஒரே அலுமாரிக்குள்ளயாம். பென் ட்ரைவைக் கிளிநொச்சியில இருக்கிற தங்கச்சி வீட்ட குடுத்து விடுங்கோ எண்டு சொல்லியிருக்கிறன்.