உயிலுக்கு புரொபேட் கேட்கிறார்களா? மதுரைக்காரர்கள் வக்கீலிடம் ஓடும் முன்னால்

போன மாசம் செல்லூரிலிருந்து ஒரு அக்கா வந்தார். கையில் மஞ்சப்பை. உள்ளே வீட்டுக்காரரின் இறப்புச் சான்று, பாஸ்புக், கூடவே ஒரு துண்டுச் சீட்டு. சீட்டில் நீலப் பேனாவில் ‘சக்சஷன், புரொபேட்’ என்று இரண்டே வார்த்தை. சக்சஷன் என்றால் கோர்ட்டு தரும் வாரிசுரிமைச் சான்று; புரொபேட் என்றால் உயில் உண்மையானது என்று கோர்ட்டு தரும் சான்று. பேங்க் கவுன்டரில் எழுதிக் கொடுத்ததாம். கணக்கில் இருந்தது 1,80,000 ரூபாய். அதை எடுத்துத்தர ஒரு வக்கீல் 35,000 கேட்டிருக்கிறார். அக்கா தோட்டை அடகு வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

பாஸ்புக்கைத் திருப்பினேன். முதல் பக்கத்திலேயே நாமினேஷன் பதிவாகியிருக்கிறது என்று அச்சில் இருந்தது. நாமினி இந்த அக்காதான்.

நாமினி இருக்கிற கணக்குக்கு புரொபேட்டும் வேண்டாம், கோர்ட்டு வாரிசுரிமைச் சான்றும் வேண்டாம், தாசில்தார் வாரிசுச் சான்றுகூட வேண்டாம். இறப்புச் சான்று, நாமினியின் அடையாள அட்டை, பேங்க் படிவம், அவ்வளவுதான். 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இதைத் திரும்பவும் அழுத்தி உத்தரவு போட்டது. 2026 மார்ச் 31க்குள் நடைமுறைக்குக் கொண்டுவரக் கெடுவும் வைத்தது. நாமினி இல்லாவிட்டாலும், உயிலோ தகராறோ இல்லையென்றால், வணிக வங்கியில் 15 லட்சம் வரை, கூட்டுறவு வங்கியில் 5 லட்சம் வரை, கோர்ட்டுக்குப் போகாமலே வாரிசுகள் கையெழுத்துப் போட்டு வாங்கலாம். எல்லாக் காகிதமும் கொடுத்த 15 நாளில் பணம் வர வேண்டும். தாமதித்தால் வட்டியும் சேர்த்துத் தர வேண்டும்.

கவுன்டரில் வாய்ச்சண்டை போட வேண்டாம். ‘என்னென்ன காகிதம் வேண்டும், எந்த விதிப்படி என்று எழுதிக் கொடுங்கள்’ என்று ஒரு மனு கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். பாதிப் பேர் எழுதித் தரச் சொன்னதுமே இறங்கி வந்துவிடுவார்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மனுக்கு, அதாவது பேங்க் மேல் வரும் புகாரை விசாரிக்கும் அதிகாரிக்குப் புகார். 14448க்குப் போன் போட்டால் வழி சொல்வார்கள்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: நாமினி என்றால் பணத்தை வாங்க உரிமையுள்ளவர், சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். மற்ற வாரிசுகள் பங்கு கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும்.

இப்போது புரொபேட். 1925ஆம் வருச இந்திய வாரிசுரிமைச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது பழைய கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களை மனதில் வைத்து. மதுரையில் எழுதிய உயில், மதுரை வட்டாரத்துச் சொத்து என்றால் அந்தக் கட்டாயம் நமக்கு எப்போதுமே இருந்ததில்லை. சென்னையில் எழுதிய உயில், சென்னையில் மனை என்றால் விஷயம் வேறாக இருந்தது; 2025 டிசம்பரில் அந்தக் கட்டாயத்தையும் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்கு மட்டும் தனியாக விசாரியுங்கள். உயிலைப் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதும் சட்டமில்லை. வெள்ளைத் தாளில் எழுதி, எழுதியவரும் இரண்டு சாட்சியும் கையெழுத்துப் போட்டிருந்தாலும் செல்லும். ‘பத்திரத்தில எழுதலையே, செல்லாதுங்க’ என்று டீக்கடையில் சொல்வதைக் கேட்டு உயிலைக் கிழித்துப் போட்ட குடும்பத்தையே பார்த்திருக்கிறேன்.

அசல் உயிலை எந்த ஆபீஸிலும் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டலாம், ஜெராக்ஸ் கொடுக்கலாம், கையோடு திரும்ப வாங்கிவிட வேண்டும். சாட்சி இரண்டு பேரின் முகவரியையும் இன்றைக்கே குறித்து வையுங்கள். உயில் கோர்ட்டுக்குப் போகும் நாளில் சாட்சி தேவைப்படுவார்.

உயில் இல்லை என்றால் தாசில்தார் வாரிசுச் சான்று. இங்கேதான் சனம் ரொம்பச் சீரழிகிறது.

இறப்புச் சான்று இறந்த இடத்தில் கிடைக்கும். வாரிசுச் சான்று இறந்தவர் குடியிருந்த தாலுகாவில். உசிலம்பட்டிக்காரர் மதுரை பெரியாஸ்பத்திரியில் இறந்தால் இறப்புப் பதிவு மதுரை மாநகராட்சியில், வாரிசுச் சான்று உசிலம்பட்டியில். இதைத் தெரியாமல் இரண்டு பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில் அலைந்தவர்கள் கணக்கில்லை.

அடுத்தது பெயர். ஆதாரில் ‘ரா. முத்தையா’, பட்டாவில் ‘முத்தையாத் தேவர்’, இறப்புச் சான்றில் ‘முத்தையா என்ற சின்னமுத்து’. மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஊருக்கே தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. இறப்பைப் பதிவு செய்யும்போதே ‘என்ற’ போட்டு இரண்டு பெயரையும் ஏற்றிவிடுங்கள். இ-சேவையில் 60 ரூபாய் கட்டும் முன்னால் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லி ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். தட்டச்சு செய்கிற பிள்ளைக்குப் பின்னால் இருபது பேர் நிற்பார்கள்; அவசரத்தில் மகள் பெயர் மகனாகிவிடும்.

மூன்றாவது, வேண்டுமென்றே விடுகிற பெயர்கள். ‘அவளுக்குத்தான் சீர் செஞ்சு அனுப்பியாச்சே’ என்று கட்டிக்கொடுத்த மகளை விடுவார்கள். அவள் வாரிசுதான், சீர் செய்ததால் வாரிசு இல்லாமல் போக மாட்டாள். இன்னொரு ஆளையும் விடுவார்கள்: இறந்தவரின் அம்மா. உயில் இல்லாமல் இறந்த இந்து ஆணுக்கு 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகளோடு அம்மாவும் முதல் வகுப்பு வாரிசு. அப்பா அதில் வர மாட்டார். ‘கிழவி பேரு எதுக்கு’ என்பார்கள். கிழவி கண்ணை மூடினால் அவர் பங்கு மற்ற பிள்ளைகளுக்கும் போகும் என்ற பயம்தான் காரணம். மறைத்து வாங்கிய சான்று, கொழுந்தன் ஒரு மனு போட்டால் ரத்தாகும். அப்போது அதை வைத்து விற்ற மனையும் சிக்கலில் மாட்டும்.

மனு வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) என்று மேலே போகும். எங்கே நிற்கிறது என்று ஒப்புகை எண்ணை வைத்துப் பாருங்கள். ‘சார் கேம்ப் போயிருக்காரு’ என்ற பதிலை மூன்று தடவைக்கு மேல் ஏற்காதீர்கள். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் ஒரு மனு, இல்லையென்றால் முதல்வர் உதவி மையம் 1100க்கு ஒரு போன். பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ‘என் மனு எந்தத் தேதியில் யார் மேசையில் இருந்தது’ என்று கேட்டால் கோப்புக்குக் கால் முளைக்கும். தாலுகா ஆபீஸ் வாசல் புரோக்கரிடம் அசல் காகிதத்தைக் கொடுத்துவிட்டு என்னிடம் வராதீர்கள். அதை மீட்டுத்தர என்னால் முடியாது.

பட்டா மாற்ற உயிலைக் காட்டினால் மற்ற வாரிசுகளுக்கு நோட்டீஸ் போகும். ஒருவர் ஆட்சேபித்தாலும் தாசில்தார் சிவில் கோர்ட்டைக் கை காட்டுவார். அண்ணன் தம்பியிடம் முன்கூட்டியே பேசி ஒப்புதல் கையெழுத்து வாங்கிவிட்டால் இரண்டு வருச அலைச்சல் மிச்சம்.

நாமினி இல்லாத பெரிய டெபாசிட், ஷேர் என்று நிஜமாகவே கோர்ட்டு வாரிசுரிமைச் சான்று வேண்டியவர்கள் மேலூர் ரோட்டு ஹைகோர்ட் கிளைக்குப் போகாதீர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் கேளுங்கள். வக்கீல் இல்லாமல் நீங்களே மனு போடலாம். இறந்த தேதி, குடியிருந்த இடம், உறவினர்கள் பெயரும் முகவரியும், உங்கள் உரிமை என்ன, எந்தெந்தக் கடன், பத்திரம், டெபாசிட் என்ற பட்டியல், இவைதான் மனு. நிலத்தை அதில் எழுதாதீர்கள், இந்தச் சான்று நிலத்துக்குச் செல்லாது. எழுதத் தெரியவில்லை என்றால் அதே வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்றாலும் அங்கே வக்கீல் இலவசம். போன் 15100. செல்லூர் அக்காவுக்கு அது தேவைப்படவில்லை. சீல் வாங்கிய நகலே போதுமாக இருந்தது.